சிவப்புப் பெட்டியும் எத்திராஜின் துண்டும்

திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதில் அனுஷாவின் அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. பஸ் உள்ளே திரும்பும்போதே கூட ஓடி, எந்த ஜன்னலில் ஆள் எழுந்திருக்கிறார் என்று கண்ணால் அளந்து, துண்டைச் சுருட்டி வீசுவார். அது போய் இருக்கையின் நடுவில் பதவிசாக விழும். பிறகு, கூட்டமெல்லாம் முட்டிமோதி ஏறட்டும் என்று விட்டுவிட்டுக் கடைசியாக ஏறுவார். அந்தத் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார எவருக்கும் மனம் வராது. பெங்களூரில் வேலை கிடைத்து அனுஷா கிளம்பிய அன்றும் அப்படி ஒரு துண்டு பிடித்துக் கொடுத்த இடத்தில்தான் உட்கார்ந்து வந்தாள்.

அவளுக்குக் கிடைத்த வேலையோ, அந்தத் துண்டுக்கு வேலையில்லாமல் செய்வது.

காக்ஸ் டவுனில், மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில், ஓட்டு வீடு ஒன்றின் முன்னறையில் ஸ்ரீகண்டன் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தினார். கம்பெனி என்றால் ஸ்ரீகண்டன், அனுஷா, இரண்டு கம்ப்யூட்டர், மழை பெய்தால் ஒழுகும் ஒரு மூலை. ஸ்ரீகண்டனின் தாத்தா காலத்திலேயே குடும்பம் மைசூர் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்துவிட்டது. அவர் வீட்டில் தமிழும் கடையில் கன்னடமும் பேசுவார். கோபம் வந்தால் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். அவர்களுக்கு இருந்த ஒரே வாடிக்கையாளர் ஓசூர் ராஜேந்திரன். கலாசிபாளையத்திலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், சேலம் என்று பஸ் விடுகிறவர். அவருடைய புக்கிங் ஆபீசில் வரிசையாக நான்கு கவுண்டர்கள். பின்னால் அவருடைய சொந்த அறையில், சாமி படங்களுக்குக் கீழே, நான்கையும் இணைக்கும் சர்வர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அது. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்கு என்ன ஆகுமோ என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. ராஜேந்திரனுக்கு அவ்வளவு தூரம் கவலைப்பட நேரமில்லை. அவருக்குத் தீபாவளி தாண்டினால் போதும்.

ஒரு திங்கட்கிழமை அவரே காக்ஸ் டவுனுக்கு வந்துவிட்டார்.

"ஸ்ரீகண்டன் சார், உங்க சாஃப்ட்வேரு தூங்குது," என்றார், நாற்காலியில் உட்காராமலே.

"தூங்கறதா?"

"நாலு கவுண்டரும் அப்படியே சிலையா நிக்குது. எதைத் தட்டுனாலும் அசைய மாட்டேங்குது. அப்பறம் தானா முழிச்சுக்குது. என் பஸ்ஸு செக்போஸ்ட்ல கூட இவ்வளவு நேரம் நிக்கறதில்லை."

"பாத்துடறோம் சார். அனுஷா பாத்துண்டிருக்கா."

ராஜேந்திரன் அனுஷாவைப் பார்த்தார். "ஏம்மா, வர்ற சனிக்கிழமை தீபாவளி ரிசர்வேஷன் ஆரம்பம். அன்னிக்கு நின்னுச்சுன்னு வை, பீரோவுல இருக்கற பழைய சீட்டு சார்ட்டை எடுத்து விரிச்சுடுவேன். பென்சில் ஒண்ணு, ரப்பர் ஒண்ணு. அது தூங்காது."

அவர் போன பிறகு ஸ்ரீகண்டன் ஒழுகும் மூலையைப் பார்த்தபடியே பேசினார்.

"இவர் போனா நமக்கு வேற யாரும் இல்லைம்மா. நான் திரும்ப ட்யூஷன் எடுக்கப் போயிடுவேன். நீ..." என்று நிறுத்திக்கொண்டார்.

மீதியை அனுஷாவே முடித்துக்கொண்டாள். திருப்பத்தூரில் மெட்ரிகுலேஷன் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலைக்கு அப்பா ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். அதற்கும் ஒருவிதத் துண்டு போட்டாகிவிட்டது என்று அர்த்தம். அவளுக்குத் திரும்பிப் போக மனமில்லை. இந்த ஊரில் சாயங்காலம் தெருவில் நடந்தால் மரங்களிலிருந்து ஏதோ ஒரு பூ தலையில் விழுகிறது. யார் வீட்டுப் பெண் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு நாள் முழுக்க யோசித்து எழுதிய நான்கு வரி, மறுநாள் கலாசிபாளையத்தில் யாரையோ ஊருக்கு அனுப்பி வைக்கிறது. அதை விட்டுப் போவதா?

கவுண்டர்கள் ஏன் நிற்கின்றன என்பது பாதி அவளுக்குத் தெரியும். ஒரே இருக்கை இரண்டு பேருக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, ஒரு கவுண்டரில் ஓர் இருக்கையைத் திறந்ததுமே டேட்டாபேஸ் அதைப் பூட்டிக்கொள்ளும்படி செய்திருந்தாள். ஆனால் அந்த டேட்டாபேஸுக்குச் சில்லறையாகப் பூட்டத் தெரியாது. ஓர் இருக்கையைப் பூட்டச் சொன்னால், அது எழுதப்பட்டிருக்கும் பக்கம் முழுவதையும் பூட்டிவிடும். ஒரு பக்கத்தில் ஒரு பஸ்ஸே அடங்கும். பூட்டு திறக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம்? அதை அனுஷா சொல்லவில்லை. சொல்லாவிட்டால் யுகம் முடியும்வரை வாய் திறக்காமல் காத்திருக்கும் ரகம் அது.

ஆகவே ஒரு கெடு வைத்தாள். சில நொடி பொறு. பூட்டு திறக்காவிட்டால் எர்ரர் கொடுத்துவிட்டு வெளியே வா.

எர்ரர் என்றால் சிவப்புப் பெட்டி. அதற்கும் ஒரு கதை உண்டு. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் எர்ரர் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போய்விட்டது. விளைவாக, ஏழாம் நம்பர் இருக்கை ஒரு வக்கீலுக்கும், கல்யாணமாகி மறுவீடு போகும் ஒரு பெண்ணுக்கும் சேர்ந்து போய்விட்டது. புது மாப்பிள்ளை பக்கத்து எட்டாம் நம்பரில் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்துவிட்டார். வக்கீல் சட்டம் பேசினார். பஸ் கிளம்பவே இல்லை. அன்று ராஜேந்திரன் போட்ட சத்தத்தில் அனுஷா ஒரு முடிவுக்கு வந்தாள். எந்த எர்ரர் வந்தாலும் இனி திரை நடுவில் சிவப்புப் பெட்டி. கூடவே காதைக் குத்தும் ஒரு பீப். எண்டர் தட்டினால் புரோகிராம் மூடிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கும். டேட்டாபேஸ் ஒவ்வொரு எர்ரருக்கும் அதன் தீவிரம் இவ்வளவு என்று ஓர் எண்ணும் சேர்த்துத்தான் கொடுத்தது. 'சற்றுப் பொறு' என்பதற்கு ஓர் எண், 'வீடு இடிகிறது' என்பதற்கு வேறு எண். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஸ்ரீகண்டனும் ஆமோதித்தார்.

"எர்ரர்னா எர்ரர்தாம்மா. அதுல என்ன சின்னது, பெரிசு."

புதன்கிழமை கெடுவோடு கூடிய புரோகிராமைக் கலாசிபாளையத்தில் ஏற்றினாள். கவுண்டர்கள் சிலையாக நிற்பது நின்றது. வியாழக்கிழமை காலை, எப்படி ஓடுகிறது என்று பார்க்க அவளே போய் உட்கார்ந்தாள்.

முதலில் கண்ணில் பட்டது, நான்கு மானிட்டர்களின் தலையிலும் தொங்கிய எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும்.

"இது எதுக்கு அண்ணா?" என்று எத்திராஜைக் கேட்டாள். எத்திராஜ் முதல் கவுண்டர், ஸ்ரீராம்புரத்துக்காரன், தோளில் எப்போதும் ஒரு பச்சைத் துண்டு.

"ஆயுத பூஜைக்குக் கட்டுனது சிஸ்டர். கழட்டலாம்னுதான் பாத்தேன். நேத்துலருந்து ஒரே சிவப்பா வருதா, சரி இருந்துட்டுப் போட்டும்னு உட்டுட்டேன்."

பக்கத்துக் கவுண்டரில் சொர்ணம். அவளுக்கு நாற்பது வயதிருக்கும். டிக்கெட் கேட்கிறவர் முகத்தைப் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லிவிடுவாள். அவள் திரையில் பீப் என்று சிவப்புப் பெட்டி வந்தது. சொர்ணம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையிலிருந்த ஸ்டேப்ளரின் முனையால் எண்டரைத் தட்டிவிட்டு, எதிரே நின்றவரிடம் மீதிச் சில்லறை கேட்டாள். கொஞ்ச நேரத்தில் மூன்றாவது கவுண்டரில் பீப், டக். பிறகு நான்காவதில் பீப், டக். ஏதோ பஜனைக்குத் தாளம் போடுவதுபோல இருந்தது.

"அக்கா, அதைப் படிக்கவே மாட்டீங்களா?"

"எதை?"

"அந்தச் சிவப்பை."

"படிச்சா மட்டும் டிக்கெட்டு வந்துடுமா கண்ணு? தட்டுனா போயிடுது. போறதை எதுக்குப் படிக்கணும்?"

சிவப்பு ஏன் இவ்வளவு வருகிறது என்பதுதான் அனுஷாவுக்குப் புரியவில்லை. ஓர் இருக்கையைத் திறந்து, விற்று, மூட ஆகும் நேரம் எவ்வளவு கொஞ்சம். அதற்குள் இத்தனை மோதலா?

அப்போது எத்திராஜின் மேஜையில் போன் அடித்தது.

"சொல்லுங்க டாக்டர். கிருஷ்ணகிரிதானே? ஜன்னல்... இருக்குது, இருக்குது. நீங்க நிதானமா வாங்க, நான் வெச்சிருக்கேன்." போனை வைத்துவிட்டு, கிருஷ்ணகிரி பஸ்ஸின் ஜன்னல் இருக்கை ஒன்றைத் திரையில் திறந்தான். பிறகு தோளிலிருந்த பச்சைத் துண்டை எடுத்து, நான்காக மடித்து, கீபோர்டின்மேல் போட்டான். எழுந்து நின்று சோம்பல் முறித்தான்.

"அண்ணா, எங்க போறீங்க?"

"டீக்கு."

"சீட்டு திறந்தே இருக்கே."

"ஆமா. டாக்டர் வரணும் இல்ல?"

"விக்கலைன்னா மூடிடணும் அண்ணா."

"மூடுனா அந்தம்மா வித்துடும்," என்று முகவாயால் சொர்ணத்தைக் காட்டினான்.

சொர்ணம் டிக்கெட் கிழித்துக்கொண்டே சொன்னாள்: "நான் எதுக்கு உன் சீட்டை விக்கறேன்? போன வாரம் எங்க தெரு டீச்சரம்மாவுக்கு வெச்சிருந்ததை வித்தது யாரு?"

"அது நீ மூடிட்டுப் போயிட்ட. நான் காலின்னு நெனச்சேன்."

"அதான் இப்ப நானும் மூடறதில்ல."

அனுஷா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். விஷயம் மெல்ல அவளுக்குள் இறங்கியது. ஓர் இருக்கையைத் திறந்து வைத்தால் அதை வேறு யாரும் தொட முடியாது என்பதை இவர்கள் என்றோ கண்டுபிடித்துவிட்டார்கள். அவள் பூட்டு என்று நினைத்துச் செய்ததை இவர்கள் துண்டாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். எத்திராஜ் ஜன்னல் இருக்கைக்குத் துண்டு போட்டுவிட்டு டீக்குப் போனால், அந்த பஸ்ஸே பூட்டிக்கொண்டு, மற்ற மூன்று கவுண்டரிலும் சிவப்பு அடிக்கிறது. சொர்ணம் பதிலுக்குச் சேலம் பஸ்ஸில் போடுகிறாள்.

காக்ஸ் டவுன் முன்னறையில் உட்கார்ந்து அவள் கற்பனை செய்த கவுண்டர்காரர் ஒருவர் இருந்தார். அவர் இருக்கையைத் திறப்பார், விற்பார், மூடுவார். அவருக்குப் பசிக்காது. டீ குடிக்க மாட்டார். அவருக்கு டாக்டர்களையோ டீச்சர்களையோ தெரியாது. அப்படி ஒருவர் இந்த உலகத்தில் இல்லை என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஜன்னல் ஜன்னலாகத் துண்டு வீசிய மனிதரின் மகளுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டாமா என்று நினைத்துச் சிரிப்பு வந்தது.

மத்தியானம் சொர்ணம் சாப்பாட்டு டப்பாவோடு எழுந்தாள். "கொஞ்சம் உக்காந்துக்கோ கண்ணு. நீ செஞ்ச மெஷின்தானே."

அனுஷா உட்கார்ந்தாள். தலையணை உறையில் துணிகளைக் கட்டிக்கொண்டு வந்த ஒருவருக்கு ஓசூர் டிக்கெட் கொடுத்தாள். சந்தோஷமாக இருந்தது. பிறகு ஒரு சிவப்பு வந்தது, படித்தாள், யாரோ துண்டு போட்டிருக்கிறார்கள், எண்டர் தட்டினாள். இன்னொன்று வந்தது, பாதி படித்துத் தட்டினாள். அதற்குப் பின் வந்தவற்றில் பூட்டு எர்ரரின் முதல் சொல்லான 'காத்திருந்து' இருக்கிறதா என்று பார்க்கக்கூடப் பொறுமையில்லை. பீப், டக். பீப், டக். மற்ற மூன்று கவுண்டரும் அதே தாளத்தில் இருந்தன.

"இன்னிக்கு சிவப்பு ஜாஸ்தி," என்றான் டீயிலிருந்து திரும்பியிருந்த எத்திராஜ்.

"ஆமா அண்ணா. போயிடும்," என்றாள் அனுஷா.

வரிசை வாசலைத் தாண்டியது. கரும்பு ஜூஸ் வண்டிவரை போனது. ஜூஸ்காரர் சந்தோஷமாக இருந்தார். எதிரே குடையைக் கையில் மாட்டிக்கொண்டு நின்ற ஒருவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஜன்னலில் குனிந்தார்.

"ஏம்மா, ரொம்ப நேரமா தட்டிக்கிட்டே இருக்கீங்களே. அதுல என்னதான் போட்டிருக்கு?"

சொல்ல வாயைத் திறந்தாள். என்ன போட்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

படித்தாள். சர்வரின் டிஸ்கில் இடமில்லை. எதையும் எழுத முடியவில்லை. அதே சிவப்பு, அதே அளவு, அதே பீப். அதற்கு டேட்டாபேஸ் கொடுத்திருந்த தீவிர எண்ணோ மேலே உயரத்தில் இருந்தது. கொஞ்ச நேரமாக நான்கு கவுண்டரிலும் ஒரு டிக்கெட்கூட விற்கவில்லை. எல்லாரும் தாளம் மட்டும் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெட்டியைச் செய்தவளும் கூடச் சேர்ந்து போட்டிருக்கிறாள்.

காதெல்லாம் சூடாகிவிட்டது அவளுக்கு. எழுந்து பின்னறைக்கு ஓடினாள். டிஸ்கை நிரப்பியது யார் என்று பார்த்தபோது, இன்னும் சூடாகியது. ஒவ்வொரு சிவப்புப் பெட்டி வரும்போதும், என்ன நடந்தது, திரையில் என்னென்ன இருந்தது என்று விலாவாரியாக ஒரு கோப்பில் எழுதி வைக்கும்படி அவள்தான் செய்திருந்தாள். அதை நினைத்து ஒரு காலத்தில் பெருமைகூடப் பட்டிருந்தாள். துண்டுக்கொரு சிவப்பு, சிவப்புக்கொரு புராணம் என்று எழுதி எழுதி, அந்தக் கோப்பு டிஸ்கையே விழுங்கிவிட்டிருந்தது. அதை அழித்தாள். வெளியே பிரிண்டர்கள் கறகறவென்று டிக்கெட் அடிக்கும் சத்தம் கேட்டது.

ராஜேந்திரன் சாப்பிட்டுவிட்டு வரும்போது வரிசை இன்னும் கரும்பு ஜூஸ் வண்டிவரைதான் இருந்தது.

"என்ன கூட்டம்? ஓசில லட்டு ஏதாவது குடுக்கறீங்களா?"

"நின்னுடுச்சு சார்," என்றாள் அனுஷா. "தப்பு என்னோடது. சரி பண்ணிட்டேன். ஆனா முழுசா இன்னும் பண்ணலை."

எத்திராஜ் தன் கீபோர்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிட்டுத் திரும்பியிருந்த சொர்ணம் ஸ்டேப்ளரில் பின் நிரப்பினாள். ராஜேந்திரன் நாள்காட்டியைப் பார்த்தார்.

"நான் சனிக்கிழமைன்னுதானே சொன்னேன். இன்னிக்கு வியாழன். போ, பண்ணு."

சாயங்காலம் கவுண்டர் மூடுவதற்கு முன் அனுஷா எத்திராஜையும் சொர்ணத்தையும் உட்கார வைத்துப் பேசினாள்.

"துண்டு போடறது தப்பில்லை. அதுக்குன்னு தனியா ஒரு பட்டன் வெச்சுத் தர்றேன். தட்டினா அந்த ஒரு சீட்டு மட்டும் மஞ்சளாயிடும், உங்க பேரோட. பஸ்ஸு பூட்டாது. ஆனா ஒரு கெடு உண்டு. எவ்வளவு நேரம் வெக்கலாம்?"

"ஒரு மணி நேரம்," என்றான் எத்திராஜ்.

"எனக்கு ஒரு மணி நேரம். அவனுக்கு அஞ்சு நிமிஷம்," என்றாள் சொர்ணம்.

"அது எந்த ஊர் நியாயம்?"

"நான் டீக்குப் போனா திரும்பி வருவேன். நீ போனா ஆளை அனுப்பித் தேடணும்."

பஞ்சாயத்து நடந்தது. கடைசியில், டீக்கடைக்குப் போய், குடித்து, ஊர்வம்பு பேசாமல் திரும்ப எவ்வளவு ஆகுமோ அவ்வளவு என்று கால் மணி நேரத்துக்கு முடிவானது. இன்னும் ஆள் வரவில்லை என்றால் மறுபடி தட்டிக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை ஸ்ரீகண்டன் குறுக்கே நின்றார்.

"நாளைக்கு ரிசர்வேஷன். இன்னிக்குப் போய் உள்ளே கை வெக்கறேங்கறே. பேடாம்மா, வேண்டாம். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிண்டு தீபாவளியை ஓட்டிடலாம்."

"சார், உங்க வீட்ல பால்காரர் வந்தாலும், வீடு தீப்பிடிச்சாலும் ஒரே மணி அடிச்சா நீங்க எழுந்து வருவீங்களா?"

ஸ்ரீகண்டன் நேர்மையாக யோசித்தார். "பால்காரருக்கு நான் எழுந்ததே இல்லையே. என் ஆத்துக்காரி ராஜலக்ஷ்மிதான் போவா."

"அப்ப வீடு தீப்பிடிச்சா?"

"அதுக்கும் அவதான் போவா போலிருக்கு," என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "சரி. எதெது பால்காரர், எதெது தீன்னு பிரி. நான் கூட இருக்கேன்."

பொழுது சாயும்வரை பிரித்தார்கள். ஓர் இருக்கையைக் கவுண்டர்காரர் யோசிக்கும் நேரமெல்லாம் பூட்டி வைப்பதை எடுத்துவிட்டார்கள். காசு வாங்கி விற்கும் அந்த ஒரு நொடிதான் இனி பூட்டு. அந்த நொடியில் இன்னொருவர் குறுக்கே வந்தால் சிவப்பும் இல்லை, பீப்பும் இல்லை. திரையின் அடியில் மஞ்சளாக ஒரு வரி, ஆங்கில எழுத்துகளில் தமிழாக: 'சொர்ணம் விற்கிறார், சற்றுப் பொறுங்கள்.' புரோகிராம் மூடாமல் தானே இன்னொருமுறை முயன்று பார்க்கும். கோப்பில் அதற்கு ஒரு வரிதான், புராணம் கிடையாது. டிஸ்க் நிறைவது, சர்வர் செத்துப்போவது, கணக்கு தப்பாவது போன்ற உண்மையான தீக்கு மட்டும் சிவப்பு. அதை எண்டர் தட்டி விரட்ட முடியாது.

சனிக்கிழமை காலை ராஜேந்திரன் ஆபீஸ் கல்யாண வீடுபோல இருந்தது. வாசலில் வாழைக்கன்று. சுவர் நெடுகச் செண்டுமல்லி மாலை. ராஜேந்திரன் பட்டு வேட்டியில் இருந்தார். ஆனால் பீரோவிலிருந்து சார்ட்டை எடுத்து, சுருட்டியபடி அக்குளில் வைத்திருந்தார். அனுஷா அதைப் பார்க்காததுபோல இருக்க முயன்றாள்.

"சிஸ்டர், உங்களுக்கு ஊருக்கு டிக்கெட்டு?" என்றான் எத்திராஜ்.

"கூட்டம் அடங்கினதும் எடுத்துக்கறேன் அண்ணா." தீபாவளிக்கு வராவிட்டால் முறுக்கு முழுவதையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன் என்று அம்மா போனில் மிரட்டியிருந்தாள்.

"அடங்கறப்ப எங்க இருக்கும்? திருப்பத்தூர் வண்டில ஒரு ஜன்னலுக்கு இப்பவே போட்டு வெக்கறேன். கால் மணிக்கு ஒருதரம் மறுபடி தட்டிக்கறேன். நம்ம பட்டன்தானே."

கதவு திறந்ததும் கூட்டம் புகுந்தது. நான்கு கவுண்டரிலும் டிக்கெட்டுகள் பறந்தன. மஞ்சள் வரிகள் வந்தன, போயின. யாரும் அவற்றைப் பெரிதுபடுத்தவில்லை. ஒருமுறை சொர்ணம் மட்டும், "எத்திராஜ் விற்கிறாராம், பொறுக்கணுமாம். மரியாதையைப் பாரு," என்றாள். மத்தியானம் தாண்டியது. ராஜேந்திரனின் அக்குளில் சார்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

அப்போது நான்கு திரையிலும் ஒரே நேரத்தில் சிவப்பு விழுந்தது.

எத்திராஜ் இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து மேலே தூக்கிவிட்டான். "யாரும் தட்டாதீங்க," என்றான். "இது நெஜ சிவப்பு." சொர்ணம் ஸ்டேப்ளரைத் தூர வைத்தாள். வரிசையில் நின்றவர்கள்கூட ஏதோ சாமி புறப்பாடுபோல அமைதியானார்கள். சொர்ணம் முகத்தைத் திரையருகே கொண்டுபோய் எழுத்துக் கூட்டிப் படித்தாள்: "சர்வர்... கிடைக்கலையாம் கண்ணு. கனெக்‌ஷன் போச்சாம்."

ராஜேந்திரன் சார்ட்டைக் கையில் எடுத்துவிட்டார்.

ஆனால் இந்தமுறை பெட்டி என்ன சொல்கிறது என்பதை எல்லோரும் படித்திருந்தார்கள். டிஸ்க் இல்லை, பூட்டு இல்லை; கம்பி. அனுஷா பின்னறைக்கு ஓடினாள். சர்வர் தன் பாட்டுக்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பிய கறுப்பு வயரைக் கையால் தடவிக்கொண்டே சுவரோரமாக வந்தாள். பாதி வழியில் வயர் காணாமல் போய் செண்டுமல்லி தொடங்கியது. யாரோ மாலையை அந்த வயரிலேயே கட்டியிருந்தார்கள். காலையில் தெளித்த தண்ணீரில் ஊறி, கனத்து, தொங்கி, மாலை வயரைச் செருகிய இடத்திலிருந்து பிடுங்கிப் போட்டிருந்தது. அவள் மாலையை அவிழ்த்துத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு, வயரைச் செருகினாள்.

சிவப்பு மறைந்தது. பிரிண்டர்கள் விட்ட இடத்திலிருந்து கறகறத்தன. வரிசையில் யாரோ கை தட்டினார்கள்.

"எவன்டா வயர்ல மாலை கட்டுனது?" என்றார் ராஜேந்திரன்.

எத்திராஜ் தொண்டையைச் செருமினான். "நீங்கதான் மொதலாளி. ஆணி இல்லைன்னு பூக்காரரு சொன்னாரு. 'அந்தக் கறுப்பு வயரு சும்மாதானே தொங்குது, அதுல கட்டு'ன்னீங்க."

ராஜேந்திரன் கழுத்தில் மாலையோடு நின்ற அனுஷாவைப் பார்த்தார். கையிலிருந்த சார்ட்டைப் பார்த்தார்.

"நின்னது சாஃப்ட்வேரா, நானா?"

"சாஃப்ட்வேர் நிக்கலை சார். என்ன ஆச்சுன்னு அதுதான் சொல்லுச்சு."

"ம்," என்றார். இரண்டாம் தரமும், "ம்," என்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் கடைசி டிக்கெட் விற்று முடிந்ததும், ராஜேந்திரன் மைசூர்பாகும் மிக்சரும் வரவழைத்தார். தட்டுகள் போதவில்லை. அவர் சார்ட்டை நீளமேஜையில் விரித்து, நான்கு மூலையிலும் ஸ்டேப்ளர்களை வைத்து, அதன்மேலேயே மைசூர்பாகை அடுக்கி, மிக்சரையும் கொட்டச் சொன்னார். ஸ்ரீகண்டன் காக்ஸ் டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வந்து சேர்ந்திருந்தார். அவர் ஒரு மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டு, "திங்கட்கிழமை உன் கன்ஃபர்மேஷன் ஆர்டரை அடிச்சுடறேம்மா. அந்த ஒழுகற மூலைலேருந்து மேஜையையும் நகர்த்திக்கோ," என்றார்.

"அண்ணா, என் டிக்கெட்டு?" என்று அனுஷா நினைவு வந்தவளாய்த் திரும்பினாள்.

எத்திராஜ் மிக்சரில் வேர்க்கடலையைப் பொறுக்குவதில் மும்முரமாக இருந்தான்.

"அண்ணா."

"சிவப்பு வந்ததா சிஸ்டர், நான் கையைத் தூக்கிட்டேனா," என்றான் மெதுவாக. "கால் மணி ஆயிடுச்சு போல. உங்க கெடு ரொம்ப கரெக்டு. துண்டு தானா விழுந்துடுச்சு."

"அப்ப சீட்டு?"

"கனெக்‌ஷன் வந்ததுமே நான்தான் வித்தேன்," என்றாள் சொர்ணம். "மஞ்சள் இல்லை, காலியா இருந்துச்சு. யாருக்கு வெச்சதுன்னு எனக்கு என்ன தெரியும்? அந்தக் கிருஷ்ணகிரி டாக்டர்தான், வழியில இறங்கிக்கறேன்னு வாங்கிட்டுப் போனாரு. அன்னிக்கு இவன் துண்டு போட்டுக் காத்திருந்த ஆளு, இப்ப என்கிட்ட வந்துட்டாரு."

அனுஷாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தான் வைத்த கெடு தன் துண்டையே எடுத்து வெளியே போட்டுவிட்டது. அது ஒரு நொடிகூடப் பிசகாமல் வேலை செய்திருக்கிறது என்று பெருமைப்படுவதா, முறுக்கு போயிற்றே என்று வருந்துவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. திருப்பத்தூர் பஸ்ஸில் ஓர் இடமும் மீதி இல்லை.

"கேபின் சீட்டு இருக்குதே," என்றார் ராஜேந்திரன் மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து. டிரைவர் பக்கத்து இருக்கை அது. அதையும் புரோகிராமில் சேர்க்கவா என்று அனுஷா ஆரம்பத்திலேயே கேட்டிருந்தாள். அதெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார்.

"அதை எதுல புக் பண்றது சார்?"

எத்திராஜ் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். தோளிலிருந்து பச்சைத் துண்டை எடுத்து, உதறி, நான்காக மடித்தான்.

"நீங்க போற அன்னிக்கு வண்டி ஷெட்டுலருந்து வர்றப்பவே போட்டு வெக்கறேன் சிஸ்டர். இதுக்குக் கால் மணிக் கணக்கெல்லாம் கிடையாது."

"நான் எடுத்துப் போட்டுட்டேன்னா?" என்றாள் சொர்ணம்.

"நீ தொட்டா சிவப்பு வரும்," என்றான் எத்திராஜ்.

அனுஷா இன்னொரு மைசூர்பாகு எடுத்தாள். அதன் அடியில் சார்ட்டின் ஏழாம் நம்பர் கட்டம் இருந்தது, பென்சிலால் எழுதி எழுதி ரப்பரால் அழித்த தடத்தோடு, நெய் ஊறி, கண்ணாடிபோல.